மேல் வீட்டுப் பாடத்திட்டம்

சின்னவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு. அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மேல் வீட்டில் அந்த நேரத்துக்குத்தான் கணக்கு முடிந்து வாசிப்பு ஆரம்பமாகும். அதற்கென்று ஒரு குட்டி மணி இருந்தது. அந்த மணி கிணுகிணுத்தபோது சின்னவள் இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டுப் போய் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மேல் வீட்டில் இருப்பது பெரியவள், கூடப் பிறந்த அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டியவள். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. உப்பு டப்பாவுக்குச் சீட்டு, சர்க்கரை டப்பாவுக்குச் சீட்டு, செருப்பு வைக்கிற தட்டுக்குச் சீட்டு. அத்தான் கொஞ்சம் அசந்து உட்கார்ந்தால் அவர் நெற்றியிலும் ஒன்று ஒட்டிவிடுவாள் என்று சின்னவள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து புதுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து பார்த்து, அக்கா தன் மகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டாம் நிலைக்கான பெட்டி வந்துடுச்சு" என்றாள் பெரியவள். "கோலி முதல் நிலையை முடிச்சுட்டா."

கோலி என்பது அக்கா மகள். கண் இரண்டும் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். ஏழு வயது. போன வருஷமே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஆரம்பித்துவிட்டாள் பெரியவள். பள்ளி வண்டி இருட்டோடு கிளம்பும், ஒன்றரை மணி நேரம் ஊரைச் சுற்றும், பிள்ளை தினமும் வாந்தி எடுக்கும். சின்னவளின் மகளுக்கு ஆறு வயது. உருவத்தில் பொடி, வாயில் காரம், அதனால் மிளகு. மிளகுக்கு வாந்தியோடு காது வலியும் சேர்ந்துகொண்டது. ஐந்து வாரத்துக்கு முன்னால் அவளையும் நிறுத்தியாகிவிட்டது.

நிறுத்துவது சுலபம். அதன் பிறகு கல்வி அலுவலகம் ஒரு படிவம் கொடுத்தது. அதில் இரண்டு கட்டங்களைத்தான் சின்னவளால் நிரப்ப முடியவில்லை. எந்தப் பாடத்திட்டம் என்று ஒன்று. கற்பிப்பவர் பெயர் என்று ஒன்று. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் மிளகு திரும்பவும் அந்த வண்டியில் ஏற வேண்டியதுதான்.

பெரியவள் ஒரே வாரத்தில் பாடத்திட்டம் தேர்ந்தெடுத்தவள். சின்னவளோ ஐந்து வாரமாக மாதிரிப் பக்கங்களை வரவழைத்துச் சாப்பாட்டு மேசையில் குவித்து வைத்திருந்தாள். ஒன்று, பிள்ளை இலையையும் மண்ணையும் தொட்டே எல்லாம் கற்க வேண்டும் என்றது. இன்னொன்று, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்றுகூடச் சொன்னது. வேறொன்றில் கணினிக்குள் ஒரு நாய் இருந்தது, சரியான விடை சொன்னால் குரைக்கும். சின்னவளின் கணவர் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். சாப்பிட இடமில்லாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த நாயையே எடுத்துடு. நம்ம வீட்ல யாராவது ஒருத்தர் சரின்னு சொல்ற மாதிரி இருக்கும்" என்றார்.

உள்ளதைச் சொன்னால், பார்த்ததிலேயே நல்லது அக்கா எடுத்ததுதான். எளிமையாகவும் பொறுமையாகவும் இருந்தது. ஆனால் அதை எடுத்தால் அக்கா முந்தி, தான் பிந்தி என்று ஆகிவிடும். சைக்கிள் ஓட்டக் கற்றதில் அக்கா முந்தி. கல்யாணத்தில் முந்தி. இதிலுமா என்று சின்னவளுக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிளகும் கூட வந்திருந்தாள். அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய் கோலியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியவள் ஒரு புத்தகத்தை அவள் மடியில் வைத்ததுதான் தாமதம், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, நான் பெரியம்மா வீட்லயே படிக்கிறேனே. இங்க மணியெல்லாம் இருக்கு."

"உனக்கு எதுக்குடி மணி? நீயே நாள் பூரா அடிச்சுக்கிட்டுதானே இருக்கே" என்றாள் சின்னவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குரல் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியவள் அதைக் கவனிக்காதவள் போல, "நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "உனக்குக் கடை வேலை வேற இருக்கு. ரெண்டு பேரையும் நானே பார்த்துக்கறேன். ஃபாரத்துல என் பேரை எழுதிடு. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறதும் ரெண்டு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறதும் ஒண்ணுதான்."

கடை என்றது, சின்னவள் வாரத்தில் மூன்று மதியம் முடி வெட்டப் போகிற அழகு நிலையத்தை. சின்னவள் இஸ்திரிப் பெட்டியை வாங்காமலே படியிறங்கினாள். கற்பிப்பவர் என்ற கட்டத்தில் அக்காவின் பெயரா? தான் பெற்ற பிள்ளைக்கா? அன்று மதியம் ஒரு வாடிக்கைக்காரியின் முடியைக் கேட்டதைவிட இரண்டு விரல் அதிகமாக வெட்டிவிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியில் பார்த்து, "யார் மேலம்மா கோபம்?" என்று கேட்டாளாம்.

மறுநாளே சின்னவள் பாடத்திட்டம் தேர்ந்தெடுத்துவிட்டாள். குவியலிலேயே கடினமானது. மாதிரிப் பக்கத்தைப் படிக்கும்போதே அவளுக்கு வியர்த்தது. அதுதான் அவளுக்கு அதில் பிடித்த விஷயம். அந்தக் கம்பெனிக்காரர்கள் முதலில் ஒரு நிலைத் தேர்வு அனுப்பினார்கள். எட்டுப் பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, சரியானதில் பிள்ளை குறி போட வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து எந்த நிலைப் பெட்டி என்று அவர்கள் சொல்வார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்காரலாம், உதவக் கூடாது.

சின்னவள் உதவவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால்கூடச் செய்வாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. மிளகின் பென்சில் தப்பான விடைக்குப் போனபோது தொண்டை லேசாகக் கரகரத்தது, இருமினாள். அவ்வளவுதான். பென்சில் அடுத்த விடைக்கு நகர்ந்தது. மறுபடியும் கரகரத்தது. மறுபடியும் நகர்ந்தது. மிளகு கெட்டிக்காரி. மூன்றாம் பக்கம் வருவதற்குள் கேள்வியைப் படிப்பதை விட்டுவிட்டாள். பென்சிலை ஒவ்வொரு விடை மேலும் கொண்டுபோய் வைத்து, அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். எட்டுப் பக்கமும் பத்தே நிமிஷத்தில் முடிந்தது.

"தண்ணி குடிம்மா" என்றாள் மிளகு கடைசியில், அக்கறையாக.

மூன்றாம் நிலை என்று பதில் வந்தது. மூன்றாம் நிலை, அதாவது கோலியைவிட ஒரு படி மேலே. எந்தக் கம்பெனியானால் என்ன, ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று. சின்னவள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, திரும்பவும் இஸ்திரிப் பெட்டி கேட்கிற சாக்கில் மேலே போனாள். பெரியவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று சுருங்கி விரிந்தது.

"ரொம்ப நல்லது" என்றாள். "ஆறு வயசுல மூணாவதா?"

"என்ன பண்றது, அதுவா வருது" என்றாள் சின்னவள்.

படியிறங்கும்போது இத்தனை வாரத்தில் முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.

பெட்டி வந்தது. அந்த வாரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்கும் பாவமாக இருக்கும். மூன்றாம் நிலை வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு படம்தான் இருந்தது, அதுவும் மூலையில். மிளகு எழுத்துக்கூட்டி ஒரு வரியைத் தாண்டுவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். கணக்கில் பெருக்கல் இருந்தது. கூட்டலுக்கே விரலோடு கால் விரலையும் சேர்த்து எண்ணுகிற பிள்ளை. திங்கட்கிழமை மேசைக்கு வந்தாள், செவ்வாய்க்கிழமை மேசைக்கு அடியில் போனாள், புதன்கிழமை காது வலிக்கிறது என்றாள். வலதா இடதா என்று கேட்டதற்கு, "எது வேணும் உனக்கு?" என்றாள்.

வியாழக்கிழமை சின்னவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். பயிற்சிப் புத்தகத்தின் தொடக்கத்தில், பழைய பாடங்களை நினைவூட்டுவதற்காக நான்கு எளிய பக்கங்கள் இருந்தன. ஏழும் இரண்டும், ஐந்தும் நான்கும், அந்த மாதிரி. அதை எடுத்து வைத்தாள். மிளகு பென்சிலைக் கடித்துக்கொண்டு போட ஆரம்பித்தாள். ஒன்பது என்று போட்டாள். சரி.

இதில் ஒன்று சொல்ல விட்டுப்போனது. முந்தின நாள் அழகு நிலையத்துக்குச் சளி பிடித்த ஒரு பெண் வந்து, தலையைக் கழுவும்போதெல்லாம் தும்மிவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சளி இப்போது சின்னவளின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மிளகு ஒன்பது என்று போட்டதும் சின்னவளுக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல்.

மிளகு ஒன்பதை அழித்தாள். எட்டு என்று போட்டாள்.

அடுத்த கணக்கு. சரியாகப் போட்டாள். சின்னவள் இருமினாள். மிளகு அழித்தாள். அதற்கடுத்தது. இருமல், ரப்பர். வாயில் துணியை வைத்து அடக்கப் பார்த்தாலும் இருமல் குமுறிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை சரியான விடையை எல்லாம் வரிசையாக அழித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது கணக்கில் தாள் கிழிந்து மேசை தெரிந்தது.

"ஏன்டி அழிக்கறே?" சின்னவள் ரப்பரை வாங்கிக்கொண்டாள். "சரியாத்தானே போட்டே."

"நீ இருமினியே" என்றாள் மிளகு.

"அது சளிடி."

மிளகு அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எது சளி, எது தப்பு? முன்னாடியே சொல்லும்மா. நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

சின்னவள் பிள்ளையை வெளியில் விளையாட அனுப்பிவிட்டு, கிழிந்த தாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அக்கா மகளைவிட ஒரு படி மேலே ஏற்றி வைக்கிறேன் என்று, தானாகப் போட்டுக்கொண்டிருந்த ஏழும் இரண்டும் ஒன்பது என்பதையும் பிள்ளையிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது. திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். படிவம் மேசையில் அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வெட்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மேலே போனாள். இந்த முறை இஸ்திரிப் பெட்டி என்று சொல்லவில்லை.

"அக்கா, கோலியோட பழைய பெட்டி வேணும். முதல் நிலை."

பெரியவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டு வந்தாள். பெயர்ச்சீட்டு ஒட்டி, நூல் கட்டி வைத்திருந்தாள். வாசிப்புப் புத்தகங்கள், எண் அட்டைகள், கோலி தொடாத பயிற்சித் தாள்கள் ஒரு கட்டு. சின்னவள் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"ஆசிரியர் கையேடு எங்கே?"

"அது இல்லாமலே சொல்லிக் கொடுக்கலாம்."

"அதுலதானே எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு இருக்கும்?"

"எனக்கு வேணும்டி அது."

"கோலிதான் முடிச்சுட்டாளே, உனக்கு எதுக்கு?"

பெரியவள் பெட்டி நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குத் தலைக்கேறியது. இதுதான் சூட்சுமம். இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ராணி மாதிரி மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "எனக்கு வந்துடக் கூடாது, அதானே? சைக்கிள்ல பின்னாடி பிடிச்சுக்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் பாதியில விட்டவதானே நீ."

"விட்டாத்தான்டி ஓட்ட வரும். நீ ஓட்டினியே."

"சாக்கடையில ஓட்டினேன்."

பெரியவள் எழுந்துபோய், அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து கையேட்டை எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்தவள் கையை உடனே எடுக்கவில்லை. "படிச்சுட்டு வந்து சிரிச்சே, அப்புறம் உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றாள்.

சின்னவளால் கீழே போகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை. படிக்கட்டுத் திருப்பத்திலேயே உட்கார்ந்து பிரித்தாள். ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் பென்சிலில் அக்காவின் எழுத்து. அச்சடித்த மாதிரி, அதே சீட்டு எழுத்து.

நாள் 4. வாசிக்க மாட்டேன் என்றாள். கத்தினேன்.

நாள் 9. புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தேன். அவளே பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

நாள் 15. கணக்கு நன்றாகப் போகிறது. வாசிப்பு மணி அடித்தாலே கைகளைக் காதில் வைக்கிறாள்.

நாள் 31. விடுமுறை என்று மிளகு வந்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கோலி மூன்று பக்கம் வாசித்தாள். மிளகு போனதும் நிறுத்திவிட்டாள்.

நாள் 52. காது வலி என்று மிளகு பள்ளிக்குப் போகவில்லை போலிருக்கிறது. கீழே அம்மாவும் மகளும் கதை படித்துச் சிரிக்கிற சத்தம். கோலி எழுந்து போய் ஜன்னலில் நின்றாள். எனக்கு.

அதற்கு மேல் எழுதியது கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் சின்னவளுக்கு அழுகை வந்தது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை. இனித்தது. நெஞ்சுக்குள் வெல்லத்தைப் போட்ட மாதிரி கரைந்து கரைந்து இனித்தது. அக்காவுக்கும் எரிந்திருக்கிறது, அதுவும் தன்னைப் பார்த்து. இந்த ஒரு பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றிருந்தது. அந்த இனிப்பு அடங்கின பிறகுதான், புத்தகத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்த கோலியின் கை கண்ணுக்குத் தெரிந்தது. வயிற்றெரிச்சலைக்கூட இவ்வளவு அழகான எழுத்தில் எழுத முடிகிறதே இவளால் என்று அதற்கும் ஒரு கணம் எரிந்தது. பிறகு எழுந்தாள்.

மேலே பெரியவள் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மிளகு மூணாவது இல்லை அக்கா" என்றாள் சின்னவள். "நான் இருமினேன்."

"என்னது?"

சின்னவள் இருமிக் காட்டினாள். பென்சில் எப்படிப் போயிற்று, எப்படி நகர்ந்தது, சளி பிடித்ததும் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவள் முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு சுவரைப் பிடித்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உன்னைச் சிரிக்கக் கூடாதுன்னேன். நான் சிரிச்சா பரவாயில்லையா?"

"சிரி சிரி. நல்லா சிரி. நீ எதுக்கு மிளகைக் கேட்டேன்னு இப்பத்தானே தெரியுது. நான் என்னவோ எம்மேல இரக்கப்பட்டுச் சொல்றேன்னு நினைச்சேன்."

"உம்மேல எனக்கென்னடி இரக்கம்" என்றாள் பெரியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவ பக்கத்துல இருந்தா இவ வாசிக்கிறா. வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

அங்கேயே தரையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரைக்கும் இரண்டு பிள்ளைகளையும் மேலே, கீழே என்று மாற்றிக்கொள்வது. மிளகு மேலே வந்து பெரியம்மாவிடம் கணக்குப் போடட்டும். கோலி கீழே போய்ச் சித்தியிடம் வாசிக்கட்டும். மற்ற பாடமெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து. பாடத்திட்டம் அக்காவினுடையதே, மிளகுக்கு முதல் நிலை, முதல் பக்கத்திலிருந்து. சின்னவள் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"கற்பிப்பவர்னு என் பேருதான் போடுவேன்."

"போட்டுக்கோ. கோலி ஃபாரத்துல என் பேரு இருக்கு, அதுல கை வெச்சே, பார்த்துக்கோ."

"உன் பேரை யாருடி கேட்டா?" என்றாள் தங்கை அக்காவைப் பார்த்து, பழைய நாள் மாதிரி.

திங்கட்கிழமை படிவம் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மிளகு எண் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவள் வாசலில் நின்று அந்தக் குட்டிக் குதிகால்கள் மறைகிற வரைக்கும் பார்த்தாள். அவளாகத்தான் ஒத்துக்கொண்டாள், அவளாகத்தான் அனுப்பினாள், இருந்தாலும் அந்தப் பழைய முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

கோலி கீழே வந்தாள். புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். கோலி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து சிரிப்பு வந்தது. முதலில் மிளகு, அவளோடு பெரியவளும். திறந்த ஜன்னல் வழியாக அப்படியே கொட்டியது.

புத்தகம் மெல்ல இறங்கியது. இரண்டு உருண்டைக் கண்கள் மேல்கூரையைப் பார்த்தன.

"கணக்குல சிரிக்கிறதுக்கு என்ன சித்தி இருக்கு?" என்றாள் கோலி. "அம்மா எங்கூட அப்படிச் சிரிக்கவே மாட்டாங்க."

"மிளகும் எங்கூட அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே இன்னொரு தடவை சிரித்தார்கள். கோலியின் உதடு பிதுங்கியது. சின்னவள் எழுந்துபோய் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தாள். நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"இங்க வா. சத்தமா வாசி. மேல கேக்கட்டும்."

"தப்பா வாசிச்சா?"

"தப்பையும் சத்தமா வாசி."

கோலி புத்தகத்தை மடியில் வைத்தாள். ஒரு கரடி, ஒரு பாலம், ஒரு தொப்பி என்று என்னவோ ஒரு கதை. முதல் வரியில் மூன்று இடத்தில் தடுக்கினாள். மூன்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி தடுக்கினாள். இரண்டாம் வரியில் கரடியின் தொப்பி காற்றில் பறந்தது, சித்தி "அய்யய்யோ, பாலத்துக்குக் கீழயா?" என்றாள், கோலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். யாரும் சொல்லாமல் அடுத்த பக்கத்தை ஆரம்பித்தாள்.

மேலே சிரிப்பு நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ ஜன்னலுக்கு நடந்து வந்தார்கள், வந்து அங்கேயே நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள் சின்னவள்.